நாற்பத்தொரு நாள் மோர்

ஜனவரி 20, திங்கள்

இந்த டைரி கொப்பரைக் களத்து முதலாளி பொங்கலுக்குக் கொடுத்தது. போன வருடம் கொடுத்ததில் மிதுனா பூனைப் படமாக வரைந்து தள்ளினாள். அதற்கு முந்தைய வருடத்தது ஜன்னல் கதவு ஆடாமல் இருக்க முட்டுக்கொடுத்துக் கிடக்கிறது. இந்த வருடம்தான் எழுதுகிறேன், அதுவும் ஆசைப்பட்டு இல்லை. பொடிப் பொட்டலத்தோடு வந்த தாளில், ஒரு நாளும் தவறக்கூடாது, தினமும் குறித்து வைக்கவும் என்று போட்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். பதினெட்டுப் பிள்ளைகள். அதில் எங்கள் மிதுனாவும் ஒருத்தி, நாலாவது படிக்கிறாள். கார்த்திகை ஒன்றாம் தேதி மலைக்கு மாலை போட்டால், போய் வருகிற வரைக்கும் ரெண்டு மாசம் ஒரு சொட்டுத் தொடமாட்டார். ஏழு வருடமாக அப்படித்தான். முதல் வாரம் மட்டும் கை நடுங்கும், பச்சைத்தண்ணியில் குளிக்கிற குளிர் என்பார். அப்புறம் எனக்கு வேறு புருஷன் கிடைத்துவிடுவார். இந்த முறை வியாழக்கிழமை மாலையைக் கழற்றினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வாசம் வந்துவிட்டது.

அடிக்கிற ஆள் இல்லை. குடித்துவிட்டு வந்தால் பாத்திரம் கழுவித் தருவார், அழுவார், தூங்குவார். சாயங்காலம் மட்டும்தான் குடிப்பார், வேனை நிறுத்திவிட்டுத்தான். அந்த விஷயத்தில் அவர் சுத்தம்.

பொடி கொடுத்தது களத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து பருப்பெடுக்கும் வளர்மதி. அவள் வீட்டுக்காரர் இந்தப் பொடியில்தான் விட்டாராம். பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருந்த நம்பரைப் பிடித்து வாங்கினாளாம். நாற்பத்தொரு நாள், காலையில், தயிரிலோ மோரிலோ. ஆளுக்குத் தெரியவே கூடாது.

"தெரிஞ்சுதுன்னா பலிக்காது, அம்புட்டுத்தான். நீ பாட்டுக்கு வாயைத் தொறந்துராத" என்றாள்.

வாயைத் திறக்காமல் இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

ஜனவரி 21, செவ்வாய். நாள் 1

காலை ஆறே முக்கால். ஒரு சிட்டிகை, மோரில். மணமும் இல்லை, கசப்பும் இல்லை. ஆனாலும் டம்ளரைக் கொடுக்கும்போது என் கை ஆடியது.

"என்ன வாணி, காய்ச்சலா?" என்று என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அதுதான் தாங்கமுடியவில்லை.

ஜனவரி 22, புதன். நாள் 2

கொடுத்தேன். சாயங்காலம் குடித்துவிட்டு வந்தார். ஒன்றும் ஆகவில்லை. வளர்மதி ஏமாந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். களத்தில் இன்று மூட்டம், காய்கள் சரியாகக் காயவில்லை.

ஜனவரி 24, வெள்ளி. நாள் 4

நேற்று எழுத முடியவில்லை.

சாயங்காலம் ஆறரை மணிக்கு வந்தார். முகம் குங்குமம் பூசின மாதிரி, கழுத்து வரைக்கும். வாசலிலேயே வாந்தி எடுத்தார். நெஞ்சு அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. பரோட்டாக் கடை சால்னாவைத் திட்டிக்கொண்டே திண்டாடினார். நான் தண்ணீர் கொடுத்தேன், விசிறினேன், முதுகு தடவினேன். எட்டரைக்கெல்லாம் தணிந்து தூங்கிவிட்டார்.

எனக்கு சந்தோஷமாக இருந்தது. எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. பயமும் இருந்தது. எது அதிகம் என்று தெரியவில்லை.

களத்தில் வளர்மதியிடம் சொன்னேன். "புடிச்சுக்கிச்சு" என்றாள். வாந்தி எடுத்த கதைக்கு அவள் சிரித்தாள், நானும் கூடவே சிரித்துவைத்தேன்.

ஜனவரி 26, ஞாயிறு. நாள் 6

ஸ்கூலில் கொடி ஏற்றினார்கள். வேன் காலையில் போய் பத்து மணிக்குத் திரும்பிவிட்டது. மூன்று நாளாகச் சாயங்கால வாசம் இல்லை. மத்தியானம் கறி எடுத்து வந்து, வெங்காயமும் அவரே உரித்துத் தந்தார். மிதுனாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போய் ஐஸ் வாங்கிக் கொடுத்தார். அவள் ஒன்பது வயசுக் குதிரை, அவர் மூச்சு வாங்கினார்.

இப்படியே நாற்பத்தொரு நாள் போய்விட்டால் சிவன்மலைக்கு மொட்டை போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டேன். யாருக்கு மொட்டை என்று சொல்லவில்லை.

ஜனவரி 29, புதன். நாள் 9

கொடுத்தேன். காலையில் கிளம்பும்போது அவர் வாயில் கிராம்பு. பல் வலி என்றார். எந்தப் பல் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, இடது பக்கம் என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டில் மிதுனா, "அம்மா, வேன்ல அப்பாவோட நீலக் கலர் பாட்டிலை யாரும் தொடக்கூடாதாம். தர்ஷன் தாகத்துக்குக் கேட்டான், அப்பா கத்திட்டாரு" என்றாள்.

எச்சில் பண்ணுவார்கள் என்று இருக்கும். வெயில் ஏறிக்கொண்டு வருகிறது, டிரைவர்கள் தண்ணீர் நிறையக் குடிப்பது நல்லதுதான்.

ஜனவரி 31, வெள்ளி. நாள் 11

கொடுத்தேன்.

பிப்ரவரி 1, சனி. நாள் 12

ராமாத்தாக்கா வந்தார், வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற ஆயா. அடுப்புக்குக் கொட்டாங்குச்சி கேட்டு எப்போதாவது வருவார். சாக்கில் அள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தேன்.

"ஏம்மிணி, உங்கூட்டுக்காரரு காலைல உண்டுட்டுத்தான வாராரு?"

"உண்டுட்டுத்தானுங்க்கா. மோருங்கூடக் குடிச்சுட்டுத்தான் வாராரு."

"இல்ல, வாய்க்கா மேட்டுல வர்றப்ப ஒரு மாதிரி..." என்று நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

எனக்கு ஏனோ கோபம் வந்தது. "இன்னும் ரெண்டு கூடை போட்டுக்கங்க்கா, நல்லாக் காஞ்சது" என்று பேச்சை மாற்றினேன். அவர் சாக்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். சும்மா வாயாடுகிற பழக்கம் அவருக்கு உண்டு.

பிப்ரவரி 3, திங்கள். நாள் 14

சாயங்காலம் மறுபடியும் அதே மாதிரி. முகம் சிவந்து, வேர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பனுக்கு வந்த மாதிரியே வருது, வாணி. நாப்பத்தஞ்சுல போனாரு அவரு. எனக்கு நாப்பத்தி ஒண்ணு" என்றார்.

குழந்தை மாதிரி என் கையைப் பிடித்துக்கொண்டார். மிதுனா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அது நெஞ்சு இல்லீங்க, நான்தான், மோர்தான் என்று சொல்ல வாய் எடுத்தேன். சொன்னால் பதினாலு நாளும் பாழ், பலிக்காது. "ஒண்ணுமில்லீங்க, வாயுவா இருக்கும். குடிக்காம இருந்தாச் சரியாப் போயிரும்" என்று மட்டும் சொன்னேன்.

நான் சொன்னது பொய்யில்லை.

பிப்ரவரி 6, வியாழன். நாள் 17

முழுசாக விட்டபாடில்லை. கொஞ்சமாகக் குடித்தால் கொஞ்சமாகத்தான் பண்ணுகிறது என்று கண்டுபிடித்துவிட்டார் போல. முகம் எந்நேரமும் லேசாகச் சிவந்தே இருக்கிறது, காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டுக் களத்து வழியாகத் திரும்பும்போதுகூட. வெயில்தான்.

வளர்மதியிடம் கேட்டேன். "என்ற ஊட்டுக்காரருக்கு நான் ரெண்டு சிட்டிகை போட்டேனே" என்றாள். தாளில் ஒன்று என்றுதானே போட்டிருக்கிறது என்றேன். "தாள்ல போட்டவனா உங்கூட்ல வந்து குடும்பம் நடத்தறான்?" என்றாள்.

இன்றிலிருந்து இரண்டு.

பிப்ரவரி 7, வெள்ளி. நாள் 18

இரண்டு.

பிப்ரவரி 8, சனி. நாள் 19

இரண்டு. பழனிக்கு நடந்து போகிறவர்கள் ரோட்டை நிறைத்துக்கொண்டு போகிறார்கள், பச்சையும் மஞ்சளுமாக. தைப்பூசம் செவ்வாய்க்கிழமை. இவருக்கும் நடக்க ஆசை, லீவு இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

இப்போது சாயங்காலம் ஐந்து மணி. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரி எப்படி என் பைக்குள் வந்தது என்று தெரியவில்லை.

ஏழே முக்காலுக்குக் களத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். ராமாத்தாக்கா போன். "அம்மிணி, பயப்படாத, புள்ளைக அத்தனையும் நல்லா இருக்குது" என்றுதான் ஆரம்பித்தார்.

வாய்க்கால் மேட்டு ரோட்டில் திடீரென்று இவருக்கு முகம் சிவந்து, வேர்த்து ஊற்றி, கண் இருட்டியிருக்கிறது. வேன் ஒருமுறை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் வாங்கியிருக்கிறது. எப்படியோ நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சாவியை எடுத்து ராமாத்தாக்கா கையில் கொடுத்துவிட்டு ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டார். இடது பக்க முன் சக்கரத்துக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்ததாம். வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், இந்த வாரம் ரெண்டு ஆள் உயரத்துக்குப் போகிறது. பழனிக்குப் போகிறவர்கள் ஓடி வந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாக வலது பக்க ஜன்னல் வழியாக வாங்கி இறக்கியிருக்கிறார்கள். மிதுனா முன் சீட்டில் இருந்தாள்.

டாக்டரம்மா சின்ன வயசு. பிரஷர் ரொம்ப இறங்கிவிட்டது என்று சொல்லிக்கொண்டே ஊசி போட்டார்.

"காலையில என்ன சாப்பிட்டார்?"

"ரெண்டு இட்லி, மோருங்க."

"மாத்திரை ஏதாவது எடுக்கிறாரா?"

"இல்லீங்க."

"குடிச்சிருந்தாரா?"

நான் வாய் திறப்பதற்குள் ராமாத்தாக்கா, "காலங்காத்தால ஏழரை மணிக்கு யாருங்க குடிப்பாங்க?" என்றார். டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் ராமாத்தாக்கா சொன்னதற்குத் தலையாட்டினேன்.

மூன்று கேள்விக்கு மூன்று பொய் என்று நினைத்தேன். அப்புறம், மூன்றாவது பொய்யில்லை, அவர் சாயங்காலம் மட்டும்தான் என்று திருத்திக்கொண்டேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். வெளியே அரோகரா சத்தம். அவர் கண்ணைத் திறந்து, "மிதுனா?" என்றார். வராந்தா பெஞ்சில் தூங்குகிறாள் என்றேன். அழுதார்.

வளர்மதிக்குப் போன் பண்ணி, பொடியை எடுத்து வெளியே போடச் சொல்லலாமா என்று யோசித்தேன். வேண்டாம். அரிசி டப்பாவுக்கு அடியில்தான் இருக்கிறது. யாரும் பார்க்கமாட்டார்கள்.

பிப்ரவரி 12, புதன்

நெஞ்சுப் படம் எடுத்தார்கள். நெஞ்சில் ஒன்றும் இல்லை. என்ன காரணம் என்று டாக்டரம்மாவுக்கே பிடிபடவில்லை. ஒரு வாரம் கழித்து வந்து காட்டச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பொடி இனிமேல் கிடையாது. நிறுத்திவிட்டேன். அதோடு ஆபத்தும் போய்விட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

ஸ்கூலில் கூப்பிட்டு மேடையில் ஏற்றினார்கள். எல்லாப் பிள்ளைகளும் வரிசையாக நிற்க, கரஸ்பாண்டன்ட் இவருக்குச் சால்வை போர்த்தினார்.

"உயிர் போற நேரத்துலயும் பதினெட்டுப் பிள்ளைகளைக் காப்பாத்தணும்னு நினைச்சார் பாருங்க, அதுதான் மனுஷன்" என்றார்.

கை தட்டினார்கள். ஒரு அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்க குடுத்துவெச்சவங்க என்றார். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவருடைய சால்வையின் ஜரிகையைப் பார்த்தேன். ராமாத்தாக்கா பின் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். அவர் மட்டும் கை தட்டவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

வேன் எடுத்தார். மோர் கொடுத்தேன், வெறும் மோர். கிராம்பு மென்றுகொண்டு போனார்.

எட்டே காலுக்கு ராமாத்தாக்காவுக்குப் போன் போட்டு, போய்ச் சேர்ந்தாச்சா என்று கேட்டேன். சேந்தாச்சு என்றார், போனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி 19, புதன்

இதை எழுதத்தான் வேண்டும்.

இவர் காட்ட வரமாட்டேன் என்றதால், களத்தில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு நானே போனேன். பொட்டலத்தையும் தாளையும் எடுத்துப் போனேன். ஏன் எடுத்துப் போனேன்? அவருக்கு உள்ளே ஏதாவது கெட்டுப்போயிருக்குமோ, நான் கெடுத்துவிட்டேனோ என்ற பயம்தான். தூக்கம் போய் ஒன்பது நாள்.

டாக்டரம்மா தாளைப் படித்தார். மறுபடியும் படித்தார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"இந்தப் பொடில என்ன இருக்குன்னு தாள்ல எங்கயும் போடல. நீங்க சொல்ற அறிகுறியைப் பாத்தா, குடியை நிறுத்தக் கொடுக்கிற மாத்திரையை இடிச்சு வெச்சிருக்கான். அது டாக்டர் கொடுக்க வேண்டியது. ஆளுக்குச் சொல்லி, அவர் சம்மதிச்சு, பரிசோதனை பண்ணிக் கொடுக்கணும். தெரியாமக் கொடுத்தா, அவர் தெரியாமக் குடிப்பார். உயிரே போயிருக்கும்."

நான் அழுதேன். அளவு கூடிவிட்டதுதான் காரணமா, அதனால்தான் வேனில் மயக்கம் வந்ததா என்று கேட்டேன்.

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார்.

"அம்மா, இந்த மருந்து குடிக்காத ஆளை அப்படிப் போட்டுத் தள்ளாது. இது சாராயத்தோட சேர்ந்தாத்தான் வேலை செய்யும், அதுவும் குடிச்ச பத்து இருபது நிமிஷத்துல. உங்க வீட்டுக்காரர் எத்தனை மணிக்கு விழுந்தார்?"

ஏழு நாற்பது.

கிராம்பு, நீலப் பாட்டில், மலைக்கு மாலை போட்ட முதல் வாரத்து நடுக்கம், வெயிலில் சிவந்த முகம். எல்லாம் இந்த டைரியில் என் கையெழுத்தில்தான் இருக்கிறது. நான் எழுதினதை நான்தான் படிக்கவில்லை.

நான் பொடி கொடுத்தேன் என்று சொன்னால், அவர் பிள்ளைகளை வைத்துக்கொண்டு குடித்தார் என்று சொன்னதாகும். சொல்லாவிட்டால் அவர் சால்வை போர்த்தின ஆள், நாளைக்குக் காலையில் வேன் எடுப்பார்.

"வீட்டுல பேசுங்க. அவரைக் கூட்டிட்டு வாங்க. திடுக்குனு ஒரே நாள்ல நிறுத்தவும் விடாதீங்க, அதுவும் ஆபத்து, வார்டுல வெச்சுப் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. "அதுவரைக்கும் அவர் வேன் ஓட்டக்கூடாது."

சரிங்க என்றேன். வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன். பேசவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

காலையில் மிதுனாவுக்கு வயிற்று வலி என்றேன். மிதுனா, "எனக்கு வலிக்கலையே" என்றாள். வலிக்கும், பேசாமல் படு என்றேன். அவர் சந்தேகப்படவில்லை.

எங்கள் வீட்டு வாசல்தான் முதல் ஸ்டாப். அடுத்த தெருச் சௌந்தர்யா தன் மகள் இதழினியைக் கூட்டி வந்தாள். எல்கேஜி, முதுகை விடப் பை பெரிசு. சௌந்தர்யா நூல் மில்லுக்கு டூட்டி போகிறவள். மிதுனா எங்கே என்று கேட்டாள், வயிற்று வலி என்றேன்.

"நீங்க ஓட்டறதுனாலதாண்ணா நான் நிம்மதியாப் போறேன்" என்று சொல்லி, பிள்ளையைத் தூக்கி ராமாத்தாக்கா கையில் கொடுத்தாள்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேன் போயிற்று. என் மகள் என் பின்னால் படுத்திருந்தாள்.

எட்டு மணி. எட்டு ஐந்து. எட்டுப் பத்து. ராமாத்தாக்கா போனை எடுக்கவில்லை. எட்டேகாலுக்கு எடுத்தார்.

"எல்லாம் எறங்கிட்டாங்களாக்கா?"

"எறங்கிட்டாங்க. மிதுனா ஏன் வர்ல?"

"வயித்து வலிங்க்கா."

"எனக்கும் பேரப்புள்ளை ஒண்ணு அதுல வந்திருந்துச்சுன்னா, வயித்து வலின்னுதாஞ் சொல்லியிருப்பேன்" என்றார். "எனக்கு இந்த வேலைய விட்டா வேற கெதி இல்ல, அம்மிணி. அதனால வாய மூடிக்கிட்டேன். உனக்கென்ன?"

போனை வைத்துவிட்டேன். நாளைக்கும் வயிற்று வலி என்று சொல்லலாம், நாளன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லலாம். பதினேழு பிள்ளைகளுக்கு யார் காய்ச்சல் சொல்வது?

பிப்ரவரி 21, வெள்ளி

ஆறரைக்கு அவர் குளிக்கப் போனபோது வேனைத் திறந்தேன். நீலப் பாட்டில் டிரைவர் சீட்டுக்கு அடியில் துணி சுற்றி இருந்தது. மூடியைத் திறந்தேன். மோந்து பார்க்கவே தேவைப்படவில்லை.

திரும்பினால் அவர் ஈரத்தலையோடு நின்றுகொண்டிருந்தார்.

"கை நடுங்குது வாணி" என்றார், நான் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே. "அதுல ரெண்டு வாய் குடிச்சாத்தான் ஸ்டியரிங் நிக்கும். போதைக்கு இல்ல. சத்தியமா இல்ல. நடுக்கத்துக்கு."

"எத்தனை நாளாங்க?"

அவர் துண்டால் தலையைத் துவட்ட ஆரம்பித்தார்.

நான் சொன்னேன். மோர், பொடி, வளர்மதி, ஒரு சிட்டிகை, இரண்டு சிட்டிகை, எல்லாவற்றையும். அவர் முகம் வெளுத்துப் போயிற்று. வேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எங்கப்பன் மாதிரி செத்துப் போயிருவேன்னு உன் கையைப் புடிச்சு அழுதேனே. அப்பவுமா?"

"அப்பவுந்தானுங்க."

"என்னையக் கொல்லப் பாத்தியா?"

"உங்களையும். வேன்ல இருந்த பதினெட்டையும்" என்றேன். "நீங்களும் நானும் சேர்ந்துதான்."

அவர் என் காலைத் தொடப் போனார், நான் விலகினேன். நாளைக்கே மாலை போட்டுக்கிறேன், இப்பவே போட்டுக்கிறேன், யாருக்கும் தெரிய வேண்டாம், இன்னிக்கு ஒரு நாள் மட்டும் ஓட்டிட்டு வந்துர்றேன் என்றார். அவர் சொன்னதில் அந்த ஒரு நாள்தான் எனக்குக் கேட்டது. சாவியை எடுத்து என் ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டேன்.

அப்போது சௌந்தர்யா வந்தாள், இதழினி கையைப் பிடித்துக்கொண்டு.

பயம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று எனக்கு இதுவரை தெரியாது. அவள் சிரித்தபடி வருகிறாள். இன்னும் நாலு எட்டு. வயிற்று வலி மாதிரி ஏதாவது, வண்டி பஞ்சர் என்றாவது சொல்லிவிடலாம். நாளைக்கும் அவள் வருவாள்.

"சௌந்தர்யா, புள்ளையக் கூட்டிட்டுப் போ" என்றேன். "இவரு குடிச்சுட்டு ஓட்டறாரு. வாய்க்கா மேட்டுல அன்னிக்குங் குடிச்சிருந்தாரு. நான் மோர்ல மருந்து கலந்து குடுத்திருந்தேன். அதான் விழுந்தாரு. நெஞ்சு வலி இல்ல."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அப்புறம் ஜன்னலில் நின்ற மிதுனாவைப் பார்த்தாள்.

"நேத்து உங்க புள்ளைக்கு வயித்து வலி" என்றாள்.

அதற்கு அப்புறம் ஸ்கூலுக்கு நானே போன் பண்ணினேன்.

பிப்ரவரி 22, சனி

வேனை வேறு டிரைவர் வந்து எடுத்துப் போனார். வேலை போயிற்று. நேற்றுச் சாயங்காலம் பத்துப் பேர் வாசலில் நின்று கத்தினார்கள், ரெண்டு பேரையும் உள்ளே தள்ளணும் என்றார் ஒருவர். அவர் சொன்னதில் தப்பில்லை. போலீஸ் வருமோ என்று ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து பார்க்கிறேன்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு பெரிய ஆஸ்பத்திரியில், குடி நிறுத்துகிற வார்டில் சேர்த்தேன். பஸ்ஸில் எனக்கு மூன்று சீட்டு தள்ளி உட்கார்ந்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

உடம்பெல்லாம் உதறுகிறது. சுவரில் பூச்சி ஏறுகிறது என்று சொல்கிறார். கையைக் கட்டி வைத்திருக்கிறார்கள். இதை வார்டில் வைத்துத்தான் பார்க்கணும் என்று டாக்டரம்மா சொன்னது ஏன் என்று இப்போது தெரிகிறது.

பிப்ரவரி 25, செவ்வாய்

பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 27, வியாழன்

தெளிந்துவிட்டார். கஞ்சி கொண்டுபோனேன். தொடவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு அவர் வீட்டம்மா கொண்டுவந்த கஞ்சியில் பாதி கேட்டு வாங்கிக் குடித்தார்.

களத்தில் வளர்மதி இடம் மாறி உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் மட்டும் பக்கத்தில் வந்து, "என்ற பேரைச் சொல்லிட்டியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் வீட்டுக்காரர் எப்படி விட்டார் என்று கேட்டேன். "அவரு எங்க விட்டாரு?" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 1, சனி

வீட்டுக்கு வந்துவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வாராவாரம் போய்க் காட்டணும், அங்கே கூட்டமாக உட்கார வைத்துப் பேசுகிறார்களாம், அதற்கும் போகணும். போவேன் என்று மிதுனாவிடம் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. விட்டுப்போச்சா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. எட்டு நாள் ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 2, ஞாயிறு

தாளில் போட்டிருந்த கணக்குப்படி இன்றைக்கு நாற்பத்தொன்றாவது நாள்.

காலையில் ஆறே முக்காலுக்கு எழுந்து வந்து அடுப்படியில் உட்கார்ந்தார். கை லேசாக ஆடிக்கொண்டிருந்தது. எது கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன். கடைசியில், வேறு வழி தெரியாமல், அவர் கண் முன்னாலேயே தயிரை எடுத்து, தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு, கடைந்து, டம்ளரில் ஊற்றி வைத்தேன்.

அவர் டம்ளரை எடுத்தார். மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் சாய்த்து அடியைப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் நீட்டினார்.

"நீ குடி மொதல்ல."

வாங்கிக் குடித்தேன், பாதி வரைக்கும். அவர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு மீதியைக் குடித்தார்.

அப்புறம் எழுந்து என் அருகில் வந்து நின்றார். எதற்கு என்று முதலில் எனக்குப் புரியவில்லை. வாயைத் திறந்து, முகத்தை என் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்து, மூச்சை விட்டார்.

மோர் வாசம் மட்டும்தான் வந்தது.

"நாளைக்கும் பாரு" என்றார்.